தி க்யூர் குழுவின் புதிய ஆல்பம் 16 ஆண்டுக் காத்திருப்புக்குத் தகுந்ததா?

கேள்வி: 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பம் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்கிறதா? ராக் இசையில் பெரிய பழக்கம் இல்லாதவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

நன்றாக இருக்கிறது. 1989-இல் வந்த 'டிஸ்இன்டிக்ரேஷன்' ஆல்பத்துக்குப் பிறகு இந்தக் குழு செய்ததில் இதுதான் உயர்ந்தது என்பது என் கட்சி. பழக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வட சென்னையில் காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வளர்ந்தவர் என்றால் இந்த ஆல்பத்துக்குத் தேவையான காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தி க்யூர், இங்கிலாந்தின் கிராலி என்ற ஊரிலிருந்து கிளம்பிய குழு. முதல் ஆல்பம் 1979-இல் வந்தது. அன்று முதல் இன்று வரை விலகாமல் இருப்பவர் ராபர்ட் ஸ்மித் ஒருவர்தான். கலைந்த தலை, உதட்டுக்கு வெளியே வழியும் சாயம் என்று புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 2008-க்குப் பிறகு ஆல்பம் எதுவும் இல்லை. 2019-இல் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது; அந்த ஆண்டே வெளிவரும் என்று ஸ்மித் சொன்னார். வரவில்லை. கேட்கும்போதெல்லாம் 'இதோ, அதோ' என்று இழுத்தடித்து, ஒருவழியாக 2024 நவம்பர் 1-ஆம் தேதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 65. பிரிட்டனில் உடனே முதலிடம் பிடித்தது; 1992-இல் வந்த 'விஷ்' ஆல்பத்துக்குப் பிறகு அவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மொத்தம் 8 பாட்டுகள், ஏறக்குறைய 49 நிமிடம். எல்லாவற்றையும் எழுதி இசையமைத்தவர் ஸ்மித். இடைப்பட்ட ஆண்டுகளில் தாய், தந்தை, அண்ணன் ரிச்சர்டு என்று மூவரையும் அவர் இழந்திருக்கிறார். ஆல்பம் முழுக்க அந்த இழவுதான்.

இப்போது நம் ஊர்க் காதுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள், வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், கைமாறிக்கொண்டே இருக்கும் டீ. இரவு ஏறிய பிறகு கானா பாடுகிறவர் வருவார். வந்தவுடன் பாடமாட்டார். செத்தவர் பெயர், வயது, பார்த்த வேலை, பிள்ளைகள் எத்தனை, யாரிடம் பாசம் அதிகம் என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வார். டோலக் தன் பாட்டுக்கு ஒரு தாளத்தைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கும். பந்தலில் பேச்சு மெல்ல அடங்கும். அதன் பிறகுதான் முதல் சொல் வரும். அதற்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்திருப்பார்கள்.

இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான 'அலோன்' இதே வேலையைத்தான் செய்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் குரலே கிடையாது. ஜேசன் கூப்பரின் டிரம் அவசரமே இல்லாமல் நடக்கிறது. கீபோர்டு ஒரு பெரிய கூரையாகப் பரவுகிறது. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் அடியில் உறுமுகிறது. 'பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?' என்று போனை எடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அது அப்போதே ஆரம்பித்துவிட்டது. எர்னஸ்ட் டௌசன் என்ற 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் கவிதை ஒன்று நினைவுக்கு வந்த பிறகுதான் இதற்கு முதல் வரி அமைந்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். அந்த வரியைக் கேட்கும்போது, இவ்வளவு நேரம் காக்க வைத்ததில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் ஆல்பத்தின் நெஞ்சு ஆறாவது பாட்டு, 'ஐ கேன் நெவர் சே குட்பை'. அண்ணன் இறந்த இரவைப் பற்றியது. இடி முழக்கத்தில் தொடங்குகிறது. ஒரு சின்ன பியானோத் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அதை விட்டு நகர மறுக்கிறது. சாவு வீடுகளில் டோலக் வாசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. ராயபுரம் பாலத்துக்குக் கீழே டீக்கடையில் அவர் காதில் இதை மாட்டிவிட்டேன். முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டுவிட்டு, "செத்தது யார்?" என்றார். அண்ணன் என்றேன். மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். "எல்லாம் சரி, பெயரை ஏன் சொல்லவில்லை? பெயர் இல்லாமல் எப்படி அனுப்பி வைப்பது?" என்று கேட்டார்.

எந்த விமர்சகரும் தொடாத இடம் அது. கானாவில் பெயர்தான் அச்சு. மீன் ஏலம் விட்டவரா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரா, எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஸ்மித் பாட்டில் 'என் அண்ணன்' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். நண்பர் கட்சிக்கு வலு இருக்கிறது. ஆனாலும் வாய்விட்டுப் பெயரைச் சொல்ல முடியாத துக்கமும் உண்டல்லவா? 2022-இல் போலந்தின் கிராகோவ் நகர மேடையில் முதன்முதலாக இதைப் பாடினார்கள். அந்தப் பதிவில் அவர் குரல் தடுமாறும் இடங்களைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

எல்லாப் பாட்டும் இதே தரம் என்று சொல்லமாட்டேன். நடுவில் வரும் 'வார்சாங்', 'ட்ரோன்: நோட்ரோன்' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ரீவ்ஸ் கேப்ரல்ஸ் அருமையான கிட்டார் கலைஞர், பிரிட்டிஷ் ராக் நட்சத்திரம் டேவிட் போவியோடு பல ஆண்டுகள் வாசித்தவர்; இங்கே அவர் கிட்டார் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அந்த ட்ரோன் பாட்டு, ஸ்மித் வீட்டுத் தோட்டத்துக்கு மேல் ஒரு கேமரா ட்ரோன் பறந்த எரிச்சலில் பிறந்ததாம். நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்கு மேல் ட்ரோன் வந்தால் பெரியப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்ப்பார். பாவம் ஸ்மித்.

கடைசிப் பாட்டு 'எண்ட்சாங்', பத்து நிமிடத்துக்கும் மேல். குரல் வர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். சிவந்த நிலாவைப் பார்த்து நிற்கும் ஒரு கிழவன், தான் சிறுவனாக இருந்தபோது தன்னுடையது என்று நினைத்த உலகம் எங்கே போனது என்று கேட்கிறான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, நடுவே சிக்கிய பஸ்ஸில் நான் இதைக் கேட்பது வழக்கம். லாரி என்ஜின்களும் கேலப்பின் பேஸும் ஏறக்குறைய ஒரே சுருதியில் உறுமுகின்றன. கடல் அரித்துத் தின்றது போக மிச்சம் இருக்கும் கரைக்குக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் நாங்கள் ஓடித் திரிந்த மணல் அந்தக் கற்களுக்கு அப்பால், தண்ணீருக்குள். பாட்டுக்கு உரை எழுத எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 'அலோன்' வேண்டாம், பொறுமை சோதிக்கப்படும். மூன்றாவது பாட்டு 'எ ஃப்ராஜைல் திங்' ஐந்து நிமிடத்துக்குள் முடியும், பல்லவி உடனே மனதில் தங்கும். அது பிடித்தால் ஆறாவது. பிறகு ஒரு நாள் இரவு, வீடு அடங்கிய பின், முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில். இவர்களுடைய பழைய ஹிட்டான 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' மாதிரி துள்ளலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியான அன்றே லண்டன் ட்ராக்ஸி அரங்கில் ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள்; அதை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். ஸ்டுடியோவில் அடைபட்டுக் கேட்கும் டிரம், மேடையில் மூச்சு விடுகிறது. 2025-இல் ஒரு ரீமிக்ஸ் தொகுப்பும் வந்தது, 24 பாட்டுகளோடு. அதில் குழுவுக்கு வரும் ராயல்டி, போரில் சிக்கிய குழந்தைகளுக்காக உழைக்கும் வார் சைல்டு அமைப்புக்கு. நல்ல காரியம், வாங்குங்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை.