காருக்குள்ள உடைஞ்ச பிளாஸ்டிக் பார்ட்டை வீட்டுலயே நிலைச்சு நிக்கிற மாதிரி ஒட்ட முடியுமா?

முடியும். மூணு தடவை ஒட்டியும் குளோவ் பாக்ஸ் (டேஷ்போர்டுல சாமான் வைக்கிற பெட்டி) மூடி கழண்டு விழுதுன்னு கேட்டிருக்கீங்க, அனேகமா அது எந்த பிளாஸ்டிக்னு பாக்காம ஒட்டியிருப்பீங்க. நானும் இதே மூடியோட ஒரு வருஷம் அல்லாடுனவன், அதான் விரிவா எழுதுறேன்.

என்னோடது 2009 மாடல் சின்ன கார், மதுரைல தெருவுலதான் நிக்கும். மூடியோட கீல் காது, அதாவது மூடியைத் தாங்குற சின்ன பிளாஸ்டிக் நீட்டம், ஒடிஞ்சிருந்தது தெரியாம போயிட்டிருந்தப்ப, ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல மூடி அப்படியே எங்கம்மா முழங்கால்ல விழுந்துச்சு. ஒர்க்‌ஷாப்ல கேட்டா காது மட்டும் தனியா வராது, முழு செட்டும் மாத்தணும்னுட்டாங்க. காது சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மனசு கேக்கல. சூப்பர் க்ளூ போட்டேன், பத்து நாள் வந்துச்சு. அப்புறம் சமையல் சோடா தூவி அது மேல க்ளூ விட்டேன், கல்லு மாதிரி இறுகி சித்திரை வெயில்ல பொட்டுன்னு விட்டுடுச்சு. அடுத்து ரெண்டு டியூப் கலக்குற எபாக்சி பசை, அது பட்டையா உரிஞ்சு கையோட வந்துச்சு.

அப்பதான் மூடியை திருப்பிப் பாத்தேன், உள்பக்கம் குட்டி எழுத்துல பிபின்னு இருந்துச்சு. பாலிப்ரொப்பிலீன். அதோட மேல்பரப்பு மெழுகு மாதிரி, சாதாரண பசை எதுவும் பிடிக்காது, உருக்கிச் சேக்கிறதுதான் நல்லது. எங்கப்பா ரேடியோ ரிப்பேர் பண்ணவரு, அவரோட 25 வாட் சால்டரிங் அயர்ன் வீட்டுல இருந்துச்சு. விரிசல் முடியிற இடத்துல 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன், இல்லைன்னா விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும். பின்பக்கம் விரிசல் நெடுக பள்ளம் பறிச்சு, பழைய எவர்சில்வர் டீ வடிகட்டி வலையை வெட்டி வச்சு அயர்னால மெதுவா அமுக்கினா வலை பிளாஸ்டிக்குள்ள இறங்கிடுது. மேல நிரப்பவும் பிபிதான் வேணும், பார்சல் டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள 5 போட்டிருந்தா அது பிபி, அதைக் கீத்தா வெட்டி உருக்கி நிரப்பினேன். நாலு வருஷமாச்சு, அசையல.

கியர் பக்கத்துல இருக்கிற கன்சோல், ஏசி வென்ட் எல்லாம் நிறைய வண்டியில ஏபிஎஸ்ங்கற வேற வகை பிளாஸ்டிக். அதுக்கு இவ்வளவு வேலை வேண்டாம், அதே ஏபிஎஸ் துண்டு கொஞ்சம் அசிட்டோன்ல (பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவம்) ராத்திரி ஊறப் போட்டா தோசை மாவு பதத்துக்கு வரும், உள்பக்கமா பூசி ஒரு நாள் முழுக்க காயவிடுங்க, ரெண்டு துண்டும் ஒரே பிளாஸ்டிக் ஆயிடும். வெளிப்பக்கம் பட்டா பளபளப்பு போயிடும், பாத்துக்கோங்க. எழுத்தே இல்லைன்னா சின்ன துண்டை தண்ணியில போடுங்க, மிதந்தா பிபின்னு எடுத்துக்கலாம், ஆனா முழுகினா ஏபிஎஸ்னு முடிவு கட்டாதீங்க, டால்க்ங்கற கல்மாவு கலந்த பிபியும் முழுகலாம்.

புதுசு வாங்காம கஞ்சத்தனமான்னு சிலர் கமெண்ட்ல வருவாங்க. வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏர்பேக் இருக்கிற மூடி, எஸ்ஆர்எஸ்னு (ஏர்பேக் அமைப்போட குறி) எழுதியிருக்கிற பேனல், இதுல கை வைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை, அதெல்லாம் மாத்தத்தான் வேணும். உருக்குறப்ப வர்ற புகை கெடுதல், மொட்டை மாடியில வச்சு செய்யுங்க.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. பிளாஸ்டிக்கை இப்படி மொறுமொறுன்னு ஆக்குறது வெயில்தான். 2012-ல சுப்ரீம் கோர்ட் கார் கண்ணாடில வெயில் தடுக்குற ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னதும் நானும் உரிச்சேன், அதைக் குறை சொல்லல. அப்புறம் நிழல்னு இருந்தது தெருமுனை வேப்பமரம் ஒண்ணுதான். இலை கொட்டுது, கூட்டி மாளலைன்னு தெருக்காரங்களே ஆள் வச்சு வெட்டிட்டாங்க. தினம் நானே கூட்டிடுறேன்னு வீடு வீடா போய் கெஞ்சிப் பாத்தேன், ஒருத்தரும் கேக்கல. காரை விடுங்க, அந்த மரத்தடியில இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன் இப்ப எங்க போனார்னே தெரியல. நான் டேஷ்போர்டு மேல அப்பாவோட பழைய வேட்டியை விரிச்சுட்டுதான் வண்டிய விட்டு இறங்குறேன்.