மேடையில் சொன்னால் நிற்குமா?

அன்புள்ள அண்ணா,

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். திருவிழாக்களில் கானமேளா பாடுகிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் பாடுவதால் எல்லையின் இரு பக்கமும் என்னைத் தெரியும். வீடியோ வந்தால் பாட்டைவிட என் தொப்பையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பகலெல்லாம் பட்டினி. நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன். எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு; யாருக்கும் தெரியாது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஒருநாள் மேடையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இந்த வாந்தி நின்றுவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிற்காது. இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான் தனக்கு இருபாலீர்ப்பு உண்டு என்று 1976-லேயே பேட்டியில் சொல்லிவிட்டார். தின்பதும் வாந்தி எடுப்பதும் அதற்குப் பிறகும் அவரை விடவில்லை. 1990-இல் சிகிச்சைக்குப் போன பிறகுதான் மீண்டார்.

யாரை விரும்புகிறீர்கள் என்பதை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கானமேளாவுக்கு வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள். ஆனால் பெண் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். வீட்டாரிடம் காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

வாந்தியைத்தான் மறைக்கக் கூடாது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பார். வயிற்று அமிலம் பல்லை அரிக்கும், உங்கள் பிழைப்பான குரலையும் கெடுக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கிக் கன்னம் உப்பும். 'முகம் பெருத்துவிட்டது' என்று எவனாவது எழுதுவான், நீங்கள் மறுபடி பட்டினி கிடப்பீர்கள். அந்தப் பட்டினிதான் நள்ளிரவில் உங்களை அப்படித் தின்னவைக்கிறது. இன்னொன்று, வாந்தி எடுத்ததும் பல் துலக்காதீர்கள். வாய் கொப்பளித்தால் போதும்.

உள்ளூர் டாக்டரிடம் சொன்னால் சாயங்காலமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுவீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. ஊர் வாய்க்கு அந்தச் சட்டம் தெரியாதுதான். வேலந்தாவளம் தாண்டிக் கோவையில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். லாட்டரி வாங்கக் கோவைக்காரர்கள் உங்கள் பக்கம் வருவதில்லையா? அதற்கும் தயக்கமென்றால் 14416-இல் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். யாராவது உங்கள் ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே 'சாப்பிட்டுவிட்டு நானே வாந்தி எடுக்கிறேன்' என்று இருக்கட்டும். வயிற்றெரிச்சல் என்று தொடங்கினால் அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.