டோலுடெகிராவிரோடு ஹைட்ராக்சியூரியா சேர்க்கலாமா?

வேண்டாம், நீங்களாகச் சேர்க்காதீர்கள். எச்ஐவிக்கான டோலுடெகிராவிர் கூட்டு மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டும் ரத்தத்தில் வைரஸ் அளவு (ஒரு மில்லிலிட்டருக்கு) 60, 80 என்றே நிற்கிறது, புற்றுநோய், ரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா செல் பெருக்கத்தை அடக்கி அதைக் குறைக்கும் என்று நண்பர் சொன்னார் என்கிறீர்கள்.

யோசனை அபத்தமல்ல. மாத்திரைகள் புதிய செல்களுக்குத் தொற்று பரவுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தொற்றிய சிடி4 செல் (எச்ஐவி குறிவைக்கும் நோயெதிர்ப்பு வெள்ளையணு) பிரிந்தால், அதன் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்ட வைரஸ் மரபணுவும் சேர்ந்தே நகலாகிவிடும். அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. உங்கள் 60, 80-க்கும் இப்படிப் பெருகிய செல்கூட்டம் காரணமாக இருக்கலாம்.

ஆனால் 1990-களில் ஹைட்ராக்சியூரியாவை முக்கியமாகச் சேர்த்தது டிடனோசின் என்ற பழைய எச்ஐவி மருந்தோடு. ஹைட்ராக்சியூரியாவால் செல்லுக்குள் டிஎன்ஏ மூலப்பொருள் குறைந்ததால் டிடனோசினுக்குப் போட்டி குறைந்து வீரியம் கூடியது. கூடவே கணைய அழற்சியும் வந்தது, சிலர் இறந்தே போனார்கள். சிடி4 எண்ணிக்கையும் சரியாக ஏறவில்லை. உங்கள் மாத்திரையில் டிடனோசினே கிடையாதே!

முதலில் ஒன்றைப் பாருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோ அலுமினியம், மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தோ கூடவே போடுகிறீர்களா? அவை டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். டோலுடெகிராவிர் போட்டு 2 மணி நேரம் கழித்து அவற்றைப் போடுங்கள். அப்புறம் மறுபடி பரிசோதியுங்கள்.

அளவு 200-ஐத் தாண்டியே நின்றால் பெருகிய செல்கூட்டம்தான் காரணம் என்ற விளக்கத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். மருந்தெதிர்ப்புப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.