பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குதா? முதல்ல எர்த்தைப் பாருங்க

நண்பரே, கார்ல 600 வாட் ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டுற ஆம்ப்ளிஃபயர்) மாட்டினதுலேர்ந்து பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குது, கடையில கெபாசிட்டர் போடச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. இப்போதைக்கு வேண்டாம். கெபாசிட்டர் கரண்டைச் சேமிச்சு வச்சுக் கண நேரம்தான் தாங்கும், புதுசா கரண்ட் தயாரிக்காது.

எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமா வச்சு, பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. அரை வோல்ட் காட்டினாலே எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்பு, கோளாறுதான். பாடியிலேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போற அந்த ஒல்லி வயர் வழியாத்தானே ஆம்ப் கரண்ட் திரும்பணும்! தடிமனான செம்பு வயரா மாத்துங்க. ஆம்ப் எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டைச் சுரண்டிடுங்க. என் வண்டியில வில்லன் அந்தப் பெயின்ட்தான்.

எர்த் சரியா இருந்தும் பேட்டரியிலேயே 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா ஆல்டர்னேட்டருக்கு (எஞ்சின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கிற கருவி) தெம்பு பத்தலை. முழுச் சத்தத்துல ஆம்ப் 50 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் முழு அளவு தராது. ஆம்ப்ல இருக்கிற கெயின் திருகைக் குறைச்சுப் பாருங்க.

ஆம்புக்குப் போற பவர் வயர்ல, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் இருக்குல்ல?