தம்பி ஐந்தடியில், பூட்டிய வீடுகள் மாடியில்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 38. மனச்சிதைவு நோய்க்காக ஐந்து ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் மருந்து எடுத்து வந்தவன், தீபாவளிக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டை விட்டும் போய்விட்டான். இப்போது கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் ஐந்தடியில் (கடைகளின் முன்நடைபாதையில்) படுக்கிறான். அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது. எங்கள் பிபிஆர் (அரசின் குறைந்த வாடகைக் குடியிருப்பு) மாடியில் மூன்று வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. ஒன்றை அவனுக்குக் கேட்கலாமா? பலவந்தமாக வார்டில் சேர்க்கச் சட்டம் உண்டா? (வாசகி, செந்தூல்)

பதில்: பூட்டிய வீடு ஆளில்லாத வீடு என்று பொருளல்ல. மாதம் 124 வெள்ளி வாடகைக்குக் கிடைக்கும் அந்த வீட்டை யாரோ ஒருவர் தம் பெயரில் வைத்திருப்பார். நீங்கள் மாநகர் மன்றத்தில் புகார் செய்து அது மீட்கப்பட்டாலும், காத்திருப்போர் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குத்தான் முன்னுரிமை. 2023 இறுதியில் மலேசியா முழுவதும் 25,816 வீடுகள் விற்காமல் கிடந்ததாகச் செய்தியில் படித்திருப்பீர்கள். அவை மேம்பாட்டாளர்களின் கையிலுள்ள விற்பனைச் சரக்கு. உங்கள் தம்பிக்கு அவற்றின் படிக்கட்டு நிழல்கூடக் கிடைக்காது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை பாருங்கள். வாடகையை உரிமையாளரிடம் நீங்களே கட்டுங்கள். “மாத்திரை போட்டால்தான் அறை” என்று நிபந்தனை போடாதீர்கள். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், நிபந்தனையின்றி முதலில் வீடு கொடுத்து அதன் பிறகு சிகிச்சை உதவியும் அளிக்கப்பட்டவர்கள், வழக்கமான சேவையை மட்டும் பெற்றவர்களைவிட நிலையாக ஒரே இடத்தில் தங்கினர். குணமாகட்டும், பிறகு வீடு பார்க்கலாம் என்ற நம் வழக்கமான வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

சட்டம் உண்டு. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், பிரிவு 10இன்படி, 18 வயது நிறைந்த உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சேர்ப்பதற்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள் ஒரு மருத்துவர் தம்பியை நேரில் பார்த்துப் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் பரிசோதித்து, தேவையென்றால் ஒரு மாதம்வரை வைத்திருப்பார்கள். அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், பிரிவு 11இன்படி போலீசாரோ சமூகநல அதிகாரியோ அவரை அழைத்துச் செல்லலாம். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன்படி மாஜிஸ்திரேட் உத்தரவில் மூன்றாண்டுவரை நல இல்லத்தில் வைக்க முடியும். ஆனால் அது சிகிச்சை அல்ல.

வார்டில் சேர்த்தால், வெளியே வரும் நாளில் தம்பி எங்கே போவார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பேசிவிடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கைநழுவிப் போகிறார்கள். சமூக மனநலக் குழுவின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதுண்டு. முகவரியே இல்லாதவரை எங்கே போய்த் தேடுவார்கள்? உங்கள் முகவரியையும் எண்ணையும் தொடர்பு விவரமாகக் கொடுத்து வையுங்கள். மாத்திரை மறக்கிறவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்றும் கேளுங்கள்.

அடையாள அட்டைக்குத் தேசியப் பதிவு இலாகாவை அணுகுங்கள். ஈராண்டு மனநலச் சிகிச்சை பெற்றவர் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தம்பி ஐந்தாண்டு முடித்தவர். அந்த அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை, சமூகநல இலாகாவின் மாதாந்திர உதவிக்கும் வழி பிறக்கும்.

தம்பியைப் பார்க்கப் போகும்போது குடும்பமே திரண்டு போகாதீர்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்று மிரண்டுவிடுவார். ஒருவர் மட்டும், தினமும் ஒரே நேரத்தில், ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பழைய மருந்துப் பைகளை வீசிவிடாமல் எடுத்து வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, தேதி, மருத்துவமனை எல்லாம் அதன் மேல் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும், அவரைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும். அவசரமென்றால் 15999, தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண்.