அழுகும் நூல்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கடலிலிருந்து மீட்ட பிளாஸ்டிக்கை இழையாக்கி, அதில் மேல்பாகம் நெய்த காலணிகளைக் கொண்டுவரலாம் என்று எங்கள் நிறுவனத்தில் பேச்சு நடக்கிறது. அடிடாஸ் நிறுவனமும் கடல் காப்புக்காக இயங்கும் பார்லி அமைப்பும் சேர்ந்து செய்த காலணிகளைப் பார்த்து எனக்குத் தோன்றிய யோசனை அது. ஓவியர்கள், எழுத்தாளர்கள், மீனவர்கள், தொழிலாளர்கள் என எல்லாரும் ஒன்றுகூடிச் செய்யும் முயற்சியாக இது அமைய வேண்டும் என்பது என் ஆசை. ஜோடிக்கு முந்நூறு ரூபாய் விலை கூடும் என்கிறார்கள். கடலுக்காக அந்த முந்நூறு ரூபாயை நம் ஊர் வாடிக்கையாளர் தருவாரா? அவர் மனத்தைத் தொடும்படி, பெட்டிக்குள் வைக்க நான்கு வரி எழுதித் தருவீர்களா? கடற்கரை மக்களிடம் பிளாஸ்டிக் பற்றிய விழிப்புணர்வை உண்டாக்கவும் ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். வாழைநார், கடற்பாசி ஆகியவற்றால் செய்யும் பொருள்களைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம., ஆம்பூர்

அன்புள்ள ம.,

சென்ற மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் என் தாத்தாவின் வலை ஊசி கிடைத்தது. மூங்கிலில் சீவியது, ஒரு சாண் நீளம், நடுவில் நாக்குப் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் நூலைச் சுற்றிக்கொள்வார்கள். பெருவிரல் பட்ட இடம் மட்டும் வழுவழுப்பாகக் குழிந்திருக்கிறது. அன்றிலிருந்து நூலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால், உண்மையைச் சொல்கிறேன், காலணி பற்றிய கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். வாழைநார் நல்லது. கடற்பாசிப் பை கடைக்கு வரட்டும், பார்ப்போம். பெட்டிக்குள் வைக்க நான்கு வரி எழுதித் தர மாட்டேன். முன்பு ஒருமுறை எழுதித் தந்து பட்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரக் கடற்கரையில் காலிப் புட்டிகளைக் கோத்துப் பெரிய திமிங்கிலம் ஒன்று செய்து நிறுத்தினார்கள். அதன் அருகே வைத்த பலகைக்கு நான் ஒரு கவிதை கொடுத்தேன், திறப்பு விழாவில் மாலையும் வாங்கிக்கொண்டேன். ஐப்பசி மழையோடு அடித்த முதல் காற்றில் திமிங்கிலத்தின் வால் பிய்ந்தது. ஒரு வாரத்தில் புட்டிகளில் பாதி வந்த வழியே கடலுக்குப் போய்விட்டன, அவற்றைக் கட்டியிருந்த நைலான் கயிற்றோடு சேர்த்து. என் கவிதைப் பலகை மட்டும் அடுத்த கோடை வரை நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அடுத்தது விழிப்புணர்வு. இந்தச் சொல்லை எங்கள் கரைப்பக்கம் கொண்டுவராதீர்கள். 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் எரிந்து மூழ்கியபோது அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. இலங்கையின் மேற்குக் கரையில் அந்தக் குருணை பனிபோல் படிந்து கிடக்க, அங்குள்ள மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 640 பெட்டகங்களோடு மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலிலிருந்தும் அதே குருணைதான் குமரி மாவட்டக் கரை வரை வந்து ஒதுங்கியது. சல்லடையும் முறமும் கொண்டு அதை மணலிலிருந்து பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர்களுக்கா ஆம்பூரிலிருந்து ஒருவர் வந்து பிளாஸ்டிக் கெட்டது என்று படம் போட்டுக் காட்டப்போகிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நல்ல மனம் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இனி நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் அந்தக் காலணிக்கு வருகிறேன். 2015 ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் அதன் முதல் மாதிரியைக் காட்டினார்கள். இலண்டனைச் சேர்ந்த அலெக்சாண்டர் டெய்லர் வடிவமைத்தது. மேல்பாகத்தில் அலைபோல ஓடும் பச்சைக் கோடுகள் ஒரு திருட்டு வலையின் பச்சை. அந்த வலையின் கதை காலணியைவிடப் பெரியது. தென்பெருங்கடலில் களவாக மீன்பிடித்து வந்த தண்டர் என்ற கப்பலை 2014 டிசம்பரில் ஸீ ஷெப்பர்ட் என்ற கடல் காப்பு அமைப்பினர் கண்டுபிடித்துத் துரத்தினார்கள். அவர்களது ஒரு கப்பல் 110 நாள்கள் அதன் பின்னாலேயே போக, இன்னொரு கப்பல் அது விட்டுவிட்டு ஓடிய வலையை வாரக்கணக்கில் இழுத்து ஏற்றியது. 72 கிலோமீட்டர் வலை. கடைசியில் தண்டர் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கிப்போனது. அந்த வலையில் கொஞ்சம் இழையாகிக் காலணிக்குள் வந்தது.

அழகான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் லட்சக்கணக்கில் கடைக்கு வந்த காலணிகளில் வலை எங்கே? 2017-இல் அடிடாஸ் பத்து லட்சம் ஜோடி விற்றது. அவற்றுக்கு இழை தந்தவை பெரும்பாலும் மாலத்தீவு போன்ற இடங்களின் கரைகளில் பொறுக்கிய புட்டிகள். பேர் வாங்கித் தந்தது வலை, சரக்கானது புட்டி. புட்டியைப் பொறுக்கியது தவறென்று சொல்லவில்லை. ஆனால் பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் குப்பைத் திரளை அளந்து 2018-இல் வெளியான ஆய்வு, அதன் எடையில் 46 விழுக்காடு மீன்வலை என்று கண்டது. அந்த வலையைப் பற்றிப் பேச எந்தக் காலணிப் பெட்டியிலும் இடமில்லை. நான் பேசப்போவது அதைத்தான், நீங்கள் கேட்காவிட்டாலும்.

என் தாத்தா காலத்து வலை பருத்தி நூல். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை பிற்பகல் கோயிலுக்குப் பின்னால் பெரிய செப்புக் கொப்பரையை ஏற்றிப் பனிச்சங்காயை இடித்துப் போட்டுச் சாறு காய்ச்சுவார்கள். பருத்தி உப்புத்தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். பனிச்சங்காயின் துவர்ப்பு ஏறினால் இன்னும் சில நாள் தாங்கும். ஊரில் யார் வலையாக இருந்தாலும் அந்த ஒரே கொப்பரையில்தான் முக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கினால் முடியாது, எட்டுப் பேர் வேண்டும். நனைந்த வலையைப் பனைமரத்து முளைகளில் விரித்துக் காயவைக்க இன்னும் ஆறு பேர். காய்ந்தவுடன் கிழிசலைப் பொத்தப் பெண்களும் கிழவர்களும் வரிசையாக உட்காருவார்கள். நேற்றுச் சண்டை போட்ட இரண்டு வீட்டார் இன்று ஒரே வலையின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாலைக்குள் பேசிவிடுவார்கள், கண்ணி அளவு ஒத்துவர வேண்டுமே. வலை பொத்த முடியாத அளவுக்கு நைந்த பிறகு பீர்க்கங்கொடிக்குப் பந்தலாகும், பிறகு பானைக்குச் சும்மாடாகும், பிறகு தென்னைமூட்டில் மண்ணாகும். வலை சாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊரே சனிக்கிழமை கூடியது. உங்கள் கடிதத்தில் ‘ஒன்றுகூடிச் செய்யும் முயற்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அதைப் பார்த்தது அந்தக் கொப்பரையைச் சுற்றித்தான்.

மீன்பிடித் தொழிலை நவீனமாக்க வந்த இந்திய நார்வே திட்டம் 1952-இல் கையெழுத்தாகிக் கொல்லத்துக்கருகே நீண்டகரையில் தொடங்கியது. எந்திரப் படகும் நைலான் வலையும் அங்கிருந்தும் வேறு வழிகளிலும் நம் கரைகளுக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கு முதல் நைலான் வலை வந்தபோது எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. தாத்தா அதன் ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி எடுத்து உதறினார். தண்ணீர் முத்துமுத்தாகத் தெறித்து விழுந்தது, நூல் காய்ந்த மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு நாம ஆரும் வேண்டாம் போலயே” என்றார். அப்பாவுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது, சிரித்தார். இரண்டு வருடத்தில் கொப்பரை கோயில் சமையலுக்குப் போய்விட்டது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். நைலான் வந்ததில் எங்கள் வீட்டில் மிக மகிழ்ந்தவர் என் அம்மா. பனிச்சங்காய்க் கறை ஏறிக் கறுத்துக் கிடந்த அவருடைய விரல்கள் அதற்குப் பிறகுதான் நிறம் திரும்பின. மீன் கூடுதலாகப் பட்டது, என் பள்ளிக் கட்டணம் அந்த வலையிலிருந்து வந்தது. பருத்தி வலைக்குத் திரும்பிப் போகச் சொல்லும் உரிமை, கையில் கறை படாத எனக்குக் கிடையாது.

ஆனாலும் நைலான் சாகவில்லை என்பது உண்மை. பிறகு தங்கூசி என்ற ஒற்றை இழை நைலான் வலை வந்தது. கண்ணாடிபோல் தண்ணீருக்குள் தெரியாதது, மலிவானது, கிழிந்தால் பொத்த நேரம் செலவிடத் தோன்றாதது. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டிக்கொண்டால் அறுத்துவிட்டு வருவார்கள். பருத்தி வலை பாரில் மாட்டினால் சில மாதங்களில் இற்றுவிடும். தங்கூசி அங்கேயே இருந்து, இழுக்க ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பட்ட மீன் அழுக, அதைத் தின்ன வந்த நண்டும் மாட்ட, அதைத் தேடி இன்னொன்று வர, யாருக்கும் பயன்படாத ஒரு வேட்டை தொடர்ந்து நடக்கும். சங்கு குளிக்கப் போகும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கீழே போனால் கத்தி கையில் இல்லாமல் வலைப்பக்கம் நெருங்குவதில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஆகவே வடிவமைப்பாளரான உங்களிடம் என் கேள்வி இதுதான்: சாகக்கூடிய நூலை மீனவர் கையில் கொடுக்க என்ன வழி, அந்தச் செலவை யார் சுமப்பது? இதற்கு விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். தென்கொரியாவில் பிபிஎஸ் என்ற மட்கும் பிளாஸ்டிக்கில் வலை செய்து, நைலான் வலையைவிட அது விலை கூடுதலாக இருப்பதால் அந்த வித்தியாசத்தை அரசே ஏற்று மீனவர்களுக்குக் கொடுத்தது. அதற்கும் குறை உண்டு. நார்வேயில் அத்தகைய வலையைச் சோதித்தபோது நைலான் வலையைவிடக் குறைவாகவே மீன் பட்டது. மீன் குறைந்தால் எந்த மீனவர் வாங்குவார்? அலாஸ்காவின் வழி இதைவிட எளியது. அங்கே நண்டுக் கூண்டின் பக்கச் சுவரில் 18 அங்குல நீளத்துக்கு ஒரு திறப்பு வைத்து, அதைப் பதப்படுத்தாத பருத்தி நூலால் தைக்க வேண்டும் என்பது சட்டம். கூண்டு கடலில் தொலைந்துபோனால் நூல் இற்று, திறப்பு திறந்து, உள்ளே இருப்பவை வெளியேறிவிடும். மற்ற கூண்டெல்லாம் இரும்பும் நைலானுமாக இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு முழம் நூல் மட்டும் சாக வேண்டும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா எதைத் தடுக்க வாழ்நாளெல்லாம் பனிச்சங்காய் இடித்தாரோ அதையே, அந்த அழுகலையே, ஒருவர் வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்.

செத்துப்போன வலையைக் கரைசேர்ப்பதிலும் ஒழுங்கான கூட்டுவேலைக்கு எடுத்துக்காட்டு உண்டு. பிலிப்பைன்ஸின் தனஹான் திட்டில் 2012-இல் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனமும் இலண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. மீனவக் குடும்பங்கள் பழைய நைலான் வலைகளைச் சேர்த்து, கழுவி, எடைபோட்டு விற்கும். பணம் ஊரின் சேமிப்புக் குழுக்கள் வழியாகப் போகும். நைலான் ஸ்லொவேனியாவில் உள்ள அக்வாஃபில் ஆலையில் மூலப்பொருளாக உடைந்து மறுபடி நூலாகித் தரைவிரிப்பாகும். நைலானை அப்படி உடைத்துத் திரும்பப் பெறலாம். ஆனால் இழுவை வலைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக். இரண்டும் கலந்தால் இரண்டும் வீண். இதைப் பிரிக்க எங்கள் கரையில் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மீன் இறங்குதளத்தில் வலை பிரிக்கும் அக்கா ஒருவர் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு துண்டு நூலைப் போட்டுக் காட்டினார். ஒன்று அடியில் போய்ப் படுத்தது, ஒன்று மிதந்தது. “தாழ்றது நைலான், மிதக்குறது மத்தது. இதுகூடத் தெரியாமலா எழுதுதீங்க?” என்றார். ஈயக்குண்டையும் மிதவையையும் கயிற்றையும் ஒவ்வொரு முடிச்சாக அறுத்தெடுத்துக்கொண்டே சொன்னார். ஒரு வலையைச் சுத்தம் செய்ய அவருக்கு அரைநாள் ஆனது.

உங்கள் கேள்வி வேறு என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வாடிக்கையாளர் முந்நூறு ரூபாய் தருவாரா? தருவார் என்றுதான் நினைக்கிறேன். நம் ஆள்கள் இதைவிட அற்பமான காரணங்களுக்கு இதைவிட அதிகம் தருகிறார்கள். அந்த முந்நூறில் அந்த அக்காவின் அரைநாளுக்கு எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையேறியிருக்கும், வலைகள் மணலில் விரிந்திருக்கும், பேச ஆளும் நேரமும் இருக்கும். அப்போது வாருங்கள். உங்கள் ஓவியர்களையும் அழைத்து வாருங்கள், தடையில்லை. உங்கள் தொழிற்சாலையில் செய்த காலணி ஒன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டும் பசை எது, அதைப் பிரிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். வாளியும் கத்தியும் இங்கே இருக்கின்றன.

அன்புடன்