தரகரிடம் போகாதீர்கள், தவணைக்குப் போங்கள்

முதலியார் அம்மாவிடம் கேளுங்கள்

வவுனியா நீதிமன்றில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மறியலில் ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே அல்லாடும் குடும்பங்களிடமிருந்து வந்தவை. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

*

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி:

அன்பின் அம்மா, என் கணவர் லொறிச் சாரதி. மாசி மாதம் பொலிஸார் லொறியை மறித்து, ஆசனத்தின் அடியில் ஐஸ் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி அவரைக் கைது செய்தார்கள். வவுனியாவில் விளக்கமறியலில் இருக்கிறார். நீதிமன்றுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு தவணையிலும் இன்னும் 14 நாள் என்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு வந்து, மூன்று இலட்சம் தந்தால் அடுத்த தவணையில் வெளியே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். தாலிக்கொடியை அடகு வைக்க யோசிக்கிறேன். வைக்கலாமா?

வைக்க வேண்டாம், பிள்ளை.

வீட்டுக்கு வந்த அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும். மடிப்புக் கலையாத சேட்டு, கையில் இரண்டு தொலைபேசி, நீதவானைச் சொந்த மச்சான்போல் பெயர் சொல்லிப் பேசும் பேச்சு. இப்படிப்பட்டவர்களை நீதிமன்ற வாசல் தேநீர்க் கடையில் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தொழில் மிக எளிது. பிணை எப்படியும் கிடைக்க இருந்தால், கிடைத்ததும் தன்னால்தான் என்பார். கிடைக்காவிட்டால், மேலிடத்தில் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள் என்பார். இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான். உண்மையிலேயே யாருக்காவது இலஞ்சம் போனால், குற்றம் சாட்டப்படுபவர்களின் வரிசையில் நீங்களும் நிற்க வேண்டி வரும்.

இனி அந்த 14 நாள் விடயம். உங்கள் கணவர்மீது யாருக்கும் தனிப்பட்ட கோபம் என்று நினைக்காதீர்கள். விசாரணை முடியாத ஒருவரை நீதவான் ஒரே தடவையில் மாதக்கணக்காக மறியலில் வைக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை, ஒரு தடவைக்கு இத்தனை நாள்தான் என்று எல்லை வைத்திருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் 14 நாளாக வரும். ஆகவேதான் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சில தவணைகளில் ஆளைக் கொண்டுவராமல் காணொளியில் காட்டிவிட்டு முடித்துவிடுவதும் உண்டு.

போதைப்பொருள் வழக்கில் எல்லாம் அளவில்தான் தங்கியிருக்கிறது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது ஐஸையும் கடுமையான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குறித்த அளவுக்கு மேல் வைத்திருந்தார் அல்லது விற்றார் என்று குற்றம் சுமத்தினால், நீதவான் விரும்பினாலும் பிணை கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அளவு இன்னும் கூடினால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. அங்கேயும் விசேட காரணம் காட்ட வேண்டும். அப்படியிருக்க, அடுத்த தவணையில் எடுத்துத் தருகிறேன் என்பவர் எந்த நீதிமன்றத்தைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

அளவு என்பது பொட்டலத்தின் நிறை அல்ல, அதற்குள் இருக்கும் சுத்தமான போதைப்பொருளின் நிறை. அதைச் சொல்வது அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை. அது வரும்வரை வழக்கு நகராது, வருவதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான்: வழக்கு இலக்கம் என்ன, கைதைப் பற்றிப் பொலிஸார் நீதிமன்றில் கொடுத்த பி அறிக்கை என்னும் அறிக்கையில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள், பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிட்டார்களா. இதற்குப் பணம் தேவையில்லை. தவணையன்று காலையிலேயே போய், திறந்த நீதிமன்றின் பின்வாங்கில் உட்காருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு கொப்பியில் திகதி, அடுத்த தவணை, பொலிஸார் சொன்னது, நீதவான் சொன்னது எல்லாவற்றையும் எழுதுங்கள். விளங்காததை வெளியே வந்து சட்டத்தரணியிடம் கேளுங்கள். மனைவி ஒவ்வொரு தவணைக்கும் கொப்பியோடு வருகிறாள் என்று தெரிந்த வழக்கைப் பொலிஸாரும் சட்டத்தரணியும் அசட்டையாக விடுவதில்லை. நான் மேடைக்குக் கீழே நின்று பார்த்த வரையில் இது உண்மை.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரச நிறுவனம் அது. வன்னியில் அதன் அலுவலகங்கள் நீதிமன்றங்களை அண்டியே இருக்கின்றன. அடையாள அட்டைப் பிரதி, வருமானம் குறித்துக் கிராம அலுவலர் தரும் கடிதம், வழக்கு இலக்கம் ஆகியவற்றோடு போங்கள். இலவசச் சட்டத்தரணி ஒழுங்காகப் பேசமாட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. காசு வாங்கிக்கொண்டு வாயே திறக்காதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கணவர் கைதான அன்று தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய எதிலாவது கையெழுத்து வைத்தாரா என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள். வைத்திருந்தால், எந்த நிலையத்தில், என்றைக்கு என்பதைக் குறித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வழக்கு சிங்களத்தில் நடக்கும் நீதிமன்றுக்குப் போனால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை அரச செலவில் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் எழுந்து கேளுங்கள். என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

பிணை கிடைக்கும் நாள் வரும். அன்றைக்குச் சரீரப் பிணைக்கு ஆள் தேடி ஓடாமல், இப்போதே இருவரைப் பேசிவையுங்கள். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் கணவர் தவணைக்கு வராமல் போனால் அவர்கள்தான் பணம் கட்ட நேரும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து ஒப்பமிட வைத்ததால் முறிந்துபோன உறவுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. வெள்ளிக்கிழமை பிணை கிடைத்தால் பிணையாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒப்பமும் கடிதமும் மாலைக்குள் சிறைக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் திங்கள்வரை உள்ளேதான்.

*

வட்டக்கச்சியிலிருந்து ஒரு தந்தை:

மகன் ஓர் அடிபிடி வழக்கில் விளக்கமறியலில் இருக்கிறான். நானும் மனைவியும் முதன்முறையாகப் பார்க்கப் போகிறோம். எங்கள் பரம்பரையில் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. என்ன கொண்டுபோகலாம், எப்படி நடந்துகொள்வது?

தேசிய அடையாள அட்டை இல்லாமல் புறப்படாதீர்கள், ஐயா. இருவருடையதும் வேண்டும். மகனின் முழுப் பெயரும் வழக்கு இலக்கமும் ஒரு துண்டில் எழுதி இருக்கட்டும். கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். வெற்றிலைப் பையையும் சட்டைப்பையில் மறந்துபோன பீடிக்கட்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பீடிக்கட்டு உங்களுடையதுதான் என்றாலும், மகனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்ததாகத்தான் எழுதுவார்கள்.

விளக்கமறியலில் இருப்பவர் இன்னும் குற்றவாளி அல்ல. வீட்டுச் சாப்பாட்டைப் பெறவும் தன் சொந்த உடுப்பை அணியவும் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. தண்டனை பெற்றவர்களுக்குத்தான் அந்த வசதி இல்லை. எந்த நேரத்தில், எந்தச் சாமான் என்பதை வாசலில் ஒட்டியிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தாய்மார் யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். அது மகனிடம் போகுமுன் ஒரு காவலரின் கரண்டிக்குப் போகும். சோற்றை அடிவரை கிளறுவார், குழம்பைக் கலக்குவார், பொரித்த மீனைப் பிட்டுப் பார்ப்பார். ஆகவே கொழுக்கட்டை, மோதகம், உருண்டை என்று உள்ளே எதையாவது வைத்து மூடிய பலகாரம் எதுவும் வேண்டாம். உடைத்துத்தான் கொடுப்பார்கள், மனைவி அங்கேயே அழுதுவிடுவார். சோறு, தண்ணீர் வற்றிய பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், முள் எடுத்த மீன் போதும். வழியும் குழம்பைத் தவிருங்கள், பொதி வரிசையில் நெரிபடும். சவர்க்காரத்தை அவர்கள் வெட்டிப் பார்க்குமுன் நீங்களே இரண்டாக வெட்டிக் கொண்டுபோங்கள். ஒரு சாரம், ஒரு துவாய், பற்பசை. விலையுயர்ந்த சேட்டு வேண்டாம், அது அவனிடம் ஒரு கிழமையும் தங்காது.

பார்க்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம், சத்தம் அதிகம். பக்கத்தில் பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் கத்திப் பேசும். ஏன் அடித்தாய் என்று அங்கே விசாரணை வைக்காதீர்கள். வழக்கு விபரத்தையும் வாய்விட்டுப் பேசாதீர்கள், அது சட்டத்தரணியோடு பேச வேண்டியது. உடம்பில் காயம் உண்டா, மருந்து கிடைக்கிறதா, நித்திரை வருகிறதா என்று கேளுங்கள். காயம் இருந்தால் அன்றே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம், வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது.

பரம்பரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையில் அதிபர்களும் ஐயர்மாரும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், ஐயா.

*

நெடுங்கேணியிலிருந்து ஒரு தாய்:

என் ஏழு வயது மகளிடம், அப்பா கட்டாருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தண்டனை முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்படியே விடலாமா?

விட முடியாது. கட்டாருக்குப் போனவர் வீடியோ அழைப்பில் வருவார், லீவில் வருவார், சொக்லேட் அனுப்புவார். உங்கள் மகள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். அதற்குமுன் பாடசாலையில் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும், அதுவும் நல்ல விதமாகச் சொல்லாது. நெடுங்கேணி என்ன, கொழும்பா?

நீங்களே சொல்லுங்கள். முழு வழக்கையும் அல்ல. அப்பா செய்யக் கூடாத ஒன்றைச் செய்ததாக நீதிமன்றில் சொல்லிவிட்டார்கள், அதனால் ஓர் இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது, நீ பத்தாவது வயதை எட்டுமுன் வந்துவிடுவார், உன்மீது அவருக்குக் கோபமில்லை. இவ்வளவு போதும். பிள்ளைகள் பெரும்பாலும் தங்களால்தான் அப்பா போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள், ஆகவே அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லி வையுங்கள். பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது அவள் விருப்பம். போனால், கம்பிக்கு அப்பால் அப்பா இருப்பார், தொட முடியாது என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

*

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்:

மகன் நீண்டகாலத் தண்டனையில் கொழும்பு மகசின் சிறையில் இருக்கிறான். எனக்கு நீரிழிவும் முழங்கால் வருத்தமும். மாங்குளத்துக்கு பஸ், அங்கிருந்து ரயில், கோட்டையிலிருந்து பொரளைக்கு மறுபடியும் பஸ். உடம்பு தாங்கவில்லை. போகாமல் விட்டால் அவன் என்ன நினைப்பான்?

அம்மா, உடம்பைக் கெடுத்துக்கொண்டு நீங்கள் ரயிலில் விழுந்தால் அவனைப் பார்க்கப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் இடமாற்றம் கேளுங்கள். சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு, மகன் இருக்கும் சிறையின் அத்தியட்சகர் ஊடாக விண்ணப்பம் எழுதி, உங்கள் கிளினிக் கொப்பியின் பிரதியையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் இணையுங்கள். உள்ளேயிருந்து மகனும் அதையே நலன்புரி அலுவலரிடம் கேட்கட்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் போனால் கோப்பு அசையும். தமிழில் எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அநுராதபுரத்துக்கு மாற்றினாலே உங்களுக்குப் பாதித் தூரம் குறையும்.

போவதானால் விசேட நாட்களைப் பார்த்துப் போங்கள். புத்தாண்டு, வெசாக், நத்தார், செப்ரெம்பர் 12ஆம் திகதி வரும் கைதிகள் தினம் போன்ற நாட்களில் திறந்த சந்திப்புக்கு இடம் கொடுப்பது வழக்கம். தீபாவளிக்கும் இந்துக் கைதிகளுக்கு அவ்வாறு அறிவித்திருக்கிறார்கள். அன்று ஒருவருக்குப் போதுமான வீட்டுச் சாப்பாடும் கொண்டுபோகலாம். அறிவிப்பு பத்திரிகையில் வந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

பொதுமன்னிப்பைப் பற்றி யாராவது காசு கேட்டு வந்தால், மேலே ஒட்டுசுட்டான் பிள்ளைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். மன்னிப்பு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. 2021 ஜூன் பொசன் நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேர் அவ்வாறு வெளியே வந்தார்கள். விண்ணப்பம் எழுதக் கடதாசியும் முத்திரையும் போதும்.

போக முடியாத மாதங்களில் கடிதம் எழுதுங்கள். அதிகாரிகள் படித்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே வழக்கும் அரசியலும் வேண்டாம். கண்ணீரும் புத்திமதியும் மட்டும் நிறைந்த கடிதத்தை ஒருவன் எத்தனை முறை படிப்பான்? பின்வளவு முருங்கை காற்றில் முறிந்ததை எழுதுங்கள். குளம் வான் பாய்ந்ததா, பசு கன்று போட்டதா, யார் வீட்டுக் கலியாணத்தில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். என் தம்பி தென்பகுதிச் சிறையொன்றில் இருந்தபோது, வீட்டுக் கடிதங்களில் அவன் கிழிந்துபோகும்வரை படித்தது, எங்கள் அம்மா அந்தப் போகத்து நெல்லுக் கணக்கை எழுதியிருந்த கடிதத்தைத்தான். உழவுக்கு எவ்வளவு, பசளைக்கு எவ்வளவு, மூட்டை என்ன விலை போனது. அவன் பதிலில் அம்மாவின் கூட்டலில் பிழை பிடித்திருந்தான். வீட்டில் எல்லோரும் அன்றைக்குத்தான் சிரித்தோம்.

*

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்:

அண்ணன் கசிப்பு (கள்ளச் சாராய) வழக்கில் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போய்விட்டார். பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது. முழுவதும் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தண்டம் கட்டாததற்காக உள்ளே இருப்பவரின் நாள், கட்டும் பணத்துக்கு ஏற்பக் குறையும். பாதியைக் கட்டினால் ஏறக்குறையப் பாதி நாள் கழியும், மீதியைக் கட்டும் நாளில் வெளியே வரலாம். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டு வாங்கி, பிரதி எடுத்துக்கொண்டு சிறைக்குப் போங்கள். தீர்ப்பு நாளிலேயே தவணைமுறையில் கட்ட அவகாசம் கேட்டிருந்தால் பல நீதவான்மார் கொடுத்திருப்பார்கள். அண்ணன் திரும்பவும் அந்த அடுப்பை மூட்டினால் இந்தப் பதில் உங்களுக்கு மறுபடியும் தேவைப்படும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

*

எழுதுபவர்களுக்கு: வழக்குப் பிரதி, பிறப்புச் சான்றிதழ் எதுவானாலும் நிழற்பிரதி மட்டும் அனுப்புங்கள். ஒரு வாசகி திருமணச் சான்றிதழின் மூலப் பிரதியையே கடிதத்தோடு வைத்திருந்தார். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.